ரிப்பீட்டருக்கு எந்த ஆன்டெனா?

ரிப்பீட்டர் அமைக்கக் கிளம்பும் ஹாம் (பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்கள்) குழுவில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை டிபி ஆன்டெனா வாங்கலாம்?" என்பதுதான். கேட்லாக்கைப் புரட்டி, கெயின் எண், அதாவது ஆன்டெனா சக்தியை ஒரு பக்கம் எவ்வளவு குவிக்கிறது என்பதை டிபியில் (டெசிபெல்லில்) சொல்லும் எண், எதில் பெரிதாக இருக்கிறதோ அதையே ஆர்டர் செய்துவிடத் தோன்றும். என்னைக் கேட்டால் அந்த எண்ணை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பார்த்தால் போதும். மொட்டைமாடியில் வருடக்கணக்கில் குறையின்றி ஓடிய ஆன்டெனா, ரிப்பீட்டரில் மாட்டியதும் கரகரவென்று இரைச்சல் போட ஆரம்பிப்பது ஹாம்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல். அது ஏன் என்று புரிந்துவிட்டால் எதை வாங்கக்கூடாது என்பது தெரிந்துவிடும். அதுவே பாதி வேலை.

ரிப்பீட்டர் என்பது உயரமான இடத்தில் வைக்கப்படும் ஒரு நிலையம். ஒரு அலைவரிசையில் வருவதைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். 5 வாட் கைச் செட் வைத்திருப்பவர், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேச முடிவது இதனால்தான். 2 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 2 மீட்டர் உள்ள அலைவரிசைப் பகுதி) இந்த இரண்டு அலைவரிசைகளுக்கும் நடுவே பல நாடுகளில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். 70 சென்டிமீட்டர் பேண்டில் அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ் வழக்கம், ஜெர்மனியில் 7.6.

வீட்டு நிலையத்தில் பட்டனை அழுத்திப் பேசும்போது ரிசீவர் வேலை செய்யாது. பட்டனை விட்டதும்தான் காது திறக்கும். ரிப்பீட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. கேட்பதும் அனுப்புவதும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே ஆன்டெனாவில் நடக்க வேண்டும். இது எவ்வளவு கடினமான காரியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. டிரான்ஸ்மிட்டர் 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடப் பிடிக்கக்கூடியது. 50 ஓம் அமைப்பில் இந்த இரண்டு திறன்களையும் ஒப்பிட்டால் முதலாவது இரண்டாவதைவிட அறுநூறு கோடிக் கோடி மடங்கு பெரியது. டெசிபெல்லில் சொன்னால் 168. இந்த இரண்டும் ஒரே கேபிளில் போய்வருகின்றன.

அவற்றை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது டூப்ளெக்சர். குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் உலோகக் கேவிட்டிகளின் தொகுப்பு அது. டிரான்ஸ்மிட்டரின் வெள்ளம் ரிசீவருக்குள் புகாமல் அது தடுக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. டூப்ளெக்சருக்கு அந்தப் பக்கம், அதாவது கேபிளிலோ ஆன்டெனாவிலோ, புதிதாக ஓர் இரைச்சல் பிறந்து அது ரிசீவரின் அலைவரிசையிலேயே விழுந்தால் டூப்ளெக்சரால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல சிக்னலுக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாகவே அந்த இரைச்சலும் உள்ளே வந்துவிடும்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது? தளர்ந்த ஒரு மூட்டு, துருப்பிடித்த போல்ட், இரண்டு வெவ்வேறு உலோகங்கள் லேசாக உரசும் இடம் போதும். 50 வாட் அதன் வழியாகப் பாயும்போது அந்த இடம் ஒரு மட்டமான டையோடு போல நடந்துகொள்ளும். காற்றில் ஆடும்போது தொடர்பு விட்டுவிட்டு ஏற்பட்டு, அகலமான அலைவரிசைப் பரப்பில் இரைச்சல் கிளம்பும். தொலைவில் இருப்பவரின் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். தன் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ரிசீவரின் காது இப்படி மந்தமாவதை ஹாம்கள் டிசென்ஸ் என்பார்கள். வீட்டு நிலையத்தில் அதே தளர்ந்த மூட்டு இருந்திருக்கும். ஆனால் பேசும்போது ரிசீவரே அணைந்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே முதல் தகுதி, பவர் பாயும்போதும் காற்றில் ஆடும்போதும் ஆன்டெனா அமைதியாக இருக்கவேண்டும் என்பது. கெயின், விலை, தோற்றம் எல்லாம் அதற்கு அப்புறம்.

உள்ளே எத்தனை மூட்டுகள்?

கடைகளில் அதிகம் பார்க்கும் வகை, வெள்ளை நிறத்தில் நீளமான ஃபைபர்கிளாஸ் குழாய். உள்ளே அலைகளை வீசும் பல ரேடியேட்டர் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுநடுவே காயில்களோடு இணைக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்குக்குக் கொலீனியர் என்று பெயர். வீட்டு உபயோகத்துக்கென்று வரும் மலிவான கொலீனியர்களில், அனுப்பி வைக்க வசதியாக குழாயையே இரண்டு மூன்று துண்டுகளாக்கியிருப்பார்கள். உள்ளிருக்கும் கம்பிகளை நாம்தான் ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டும். வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். மலை உச்சியில் இரவும் பகலும் காற்றில் வளைந்து நிமிர்ந்து கொண்டிருக்கும்போது அந்த ஸ்க்ரூ மூட்டுகள்தான் முதலில் தகராறு செய்யும். இரண்டு பேண்டிலும் வேலை செய்யும் வகை என்றால் உள்ளே இணைப்புகளும் காயில்களும் கெப்பாசிட்டர்களும் இன்னும் கூடும். ஒரே பேண்டில் ஓடப்போகும் ரிப்பீட்டருக்கு இரண்டாவது பேண்டு எதற்கு?

ஃபைபர்கிளாஸ் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. காவல்துறை, தீயணைப்பு போன்ற சேவைகளுக்காகச் செய்யப்படும் வணிகத் தரக் கொலீனியர்களில் உள் இணைப்புகள் எல்லாம் பற்றவைக்கப்பட்டு, தடித்த ஒரே குழாயில் வரும். விலை அதிகம், ஆனால் நீண்ட காலம் தாங்கும். ஒரு குறை, உள்ளே என்ன ஆயிற்று என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. தண்ணீர் புகுந்ததா, மூட்டு விட்டதா என்பதெல்லாம் ஊகம்தான். இடி நேரடியாக விழுந்தால் குழாய் பிளந்துபோவதும் உண்டு.

இன்னொரு வகை, ஒரே கம்பத்தில் நாலைந்து வளையங்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பு டைபோல் அடுக்கு. டைபோல் என்பது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைகள் கொண்ட எளிய ஆன்டெனா, அதை வளையமாக மடித்தது மடிப்பு டைபோல். 2 மீட்டரில் டிபி-224 என்ற நான்கு டைபோல் மாதிரி ரிப்பீட்டர்காரர்களிடையே வெகுகாலமாகப் பிரபலம். ஒவ்வொரு வளையமும் கம்பத்தோடு உலோகத் தொடர்பில் இருப்பதால் காற்றிலும் மழையிலும் சேரும் நிலை மின்சாரம் தானாகவே தரைக்கு இறங்கிவிடும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் எந்த வளையம் வளைந்தது, எந்த கேபிள் கிழிந்தது என்று பைனாகுலர் வைத்தே பார்த்துவிடலாம். ஆறு மீட்டருக்கு மேல் நீளம், நல்ல எடை, காற்றைப் பிடிக்கும் உடம்பு என்று தொல்லைகளும் உண்டு. பழைய வணிக நிலையங்களிலிருந்து கழற்றியது கிடைத்தால், டைபோல்களை இணைக்கும் கேபிள் தொகுப்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கலாம். மலிவான புதிய ஃபைபர்கிளாஸையும் நல்ல நிலையில் உள்ள பழைய டைபோல் அடுக்கையும் என் முன்னால் வைத்தால், யோசிக்காமல் பழையதைத்தான் எடுப்பேன்.

பவர் தாங்கும் அளவையும் பாருங்கள். வீட்டில் சில நொடிகள் பேசி நிறுத்துகிறோம். ரிப்பீட்டரோ கூட்டம் நடக்கும் மாலையில் கிட்டத்தட்ட நிற்காமல் ஓடும். ஆகவே ஆன்டெனா எத்தனை வாட் தொடர்ச்சியாகத் தாங்கும் என்பதுதான் கணக்கு.

கெயின் எங்கிருந்து வருகிறது?

ஆன்டெனா எதையும் பெருக்குவதில்லை. உள்ளே கொடுத்த சக்தியை ஒரு பக்கம் குறைத்து இன்னொரு பக்கம் கூட்டித் தருகிறது, அவ்வளவே. நிமிர்ந்து நிற்கும் ரிப்பீட்டர் ஆன்டெனாவின் கதிர்வீச்சு, ஒரு தலையணையை மேலும் கீழும் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குவதைப் போன்றது. அமுக்க அமுக்கத் தொடுவானம் பக்கம் நீளும், ஆனால் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் மெலிந்துகொண்டே போகும்.

எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சில கேட்லாக்குகள் கெயினை டைபோலோடு ஒப்பிட்டு டிபிடி என்று தரும். சில, கற்பனையான ஒரு சமச்சீர் ஆன்டெனாவோடு ஒப்பிட்டு டிபிஐ என்று தரும். இரண்டாவது எண் எப்போதும் 2.15 அதிகமாக இருக்கும். 8.15 டிபிஐ என்பதும் 6 டிபிடி என்பதும் ஒரே ஆன்டெனாதான். வெறுமனே டிபி என்று மட்டும் போட்டிருந்தால், பெரிய எண் வரும்படியான கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒற்றை டைபோலின் கதிர் செங்குத்தாக சுமார் 78 டிகிரி அகலம் இருக்கும். 6 டிபிடி ஆன்டெனாவில் அது 15 முதல் 20 டிகிரிக்குச் சுருங்கிவிடும். 10 டிபிடி என்றால் 6, 7 டிகிரிதான். இதை வைத்துக்கொண்டு உங்கள் இடத்தைப் பாருங்கள்.

ஊரைவிட 1000 மீட்டர் உயரமான ஒரு மலை உச்சியில் ரிப்பீட்டர் இருக்கிறது, ஊர் அங்கிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் கிடைமட்டத்துக்கு 11 டிகிரி கீழே இருக்கும். தொடுவானமோ ஒரு டிகிரிதான் கீழே. அங்கே 10 டிபிடி ஆன்டெனா மாட்டினால் முதன்மைக் கதிர் ஊரின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் "அருமையாகக் கேட்கிறது" என்பார், அடிவாரத்தில் வீட்டுக்குள் கைச் செட்டோடு உட்கார்ந்திருப்பவர் விட்டுவிட்டுக் கேட்கிறது என்பார். கிட்டத்தில் இருப்பதால் சிக்னல் எப்படியும் கொஞ்சம் வரும், பக்கக் கதிர்களும் பாறைகளில் பட்டுத் திரும்புவதும் உதவும், உண்மைதான். ஆனால் கதிரின் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட தெருவுக்கு அது போதாது. இந்த மலைக்கு 3 முதல் 6 டிபிடி போதும். சில சமயம் அதுவே சிறப்பு.

இதற்கு நேரெதிர், சமவெளியில் 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேல் வைத்த ரிப்பீட்டர். ரேடியோ தொடுவானத்துக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 மீட்டருக்கு சுமார் 22.5 கிலோமீட்டர். பயன்படுத்துபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய கிடைமட்டத்திலேயே இருக்கிறார்கள். 10 கிலோமீட்டரில் இருப்பவர் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கீழே இல்லை. இங்கே மெல்லிய, நீளமான கதிர் வீணாகாது. உயரமான இடத்துக்குக் குறைந்த கெயின், தாழ்வான இடத்துக்கு அதிக கெயின் என்பது கேட்க முரணாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அதே சூத்திரத்தில் 60 மீட்டரைப் போட்டுப் பாருங்கள், 32 கிலோமீட்டர் வரும். 3 டிபி கூடுதல் கெயினுக்குச் செலவழிப்பதா, ஆன்டெனாவை மேலே ஏற்றச் செலவழிப்பதா என்று குழு தடுமாறினால் நான் உயரத்துக்குத்தான் கை தூக்குவேன்.

மலை மிக உயரம், கெயினும் விடமுடியாது என்றால், கதிரைக் கீழ்நோக்கிச் சாய்த்த ஆன்டெனாக்கள் கிடைக்கின்றன. உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் போகும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றிச் செய்யும் மின் சாய்வு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கீழே இறக்கும். கம்பத்தையே சாய்த்தால் ஒரு பக்கம் இறங்கும், எதிர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்.

எல்லாத் திசையிலும் வேண்டுமா?

வட்டமாக எல்லாப் பக்கமும் போக வேண்டும் என்பது பழக்கத்தில் வந்த எதிர்பார்ப்பு. ரிப்பீட்டர் கடலோரக் குன்றில் இருந்தால் பாதி சக்தி தண்ணீருக்குத்தான் போகும். முன்பு சொன்ன நான்கு டைபோல் அடுக்கில், வளையங்களைக் கம்பத்தைச் சுற்றிப் பரப்பினால் எல்லாத் திசையிலும் சுமார் 6 டிபிடி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி வைத்தால் அந்தப் பக்கம் சுமார் 9 டிபிடி, முதுகுப் பக்கம் குறைவு. ஒரே ஆன்டெனா, ஸ்பேனர் மட்டும் போதும்.

டவரின் உச்சி கிடைக்காமல் பக்கவாட்டில் மாட்டுவதுதான் பெரும்பாலோரின் விதி. அப்போது டவரே ஒரு பிரதிபலிப்பானாகிவிடும். கேட்லாக்கில் உள்ள அழகான வட்டத்தை மறந்துவிடலாம். டவரை விட்டு ஆன்டெனா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். தவிர்க்க முடியாததால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்: ஆட்கள் அதிகம் இருக்கும் திசையில் மாட்டி, டவரின் மறைவு ஆளில்லாத பக்கம் விழும்படி பாருங்கள்.

அனுப்பவும் வாங்கவும் தனித்தனி ஆன்டெனா வைத்தால் டூப்ளெக்சர் வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2 மீட்டரில் ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றை 10 மீட்டர் இடைவெளியில் வைத்தால் சுமார் 55 டிபி பிரிவு கிடைக்கும். அதே 10 மீட்டரைப் பக்கவாட்டில் விட்டால் 35 டிபி அளவுதான், அதிலும் ஆன்டெனாக்களின் கெயினைக் கழிக்க வேண்டும். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 80, 90 டிபி. ஆக ஃபில்டர் இல்லாமல் தப்பிக்க முடியாது, கேவிட்டிகளின் எண்ணிக்கை குறையும், அவ்வளவே. தொடக்கக்காரர்களுக்கு ஒரே ஆன்டெனாவும் நல்ல டூப்ளெக்சரும்தான் நிம்மதி.

கேபிளும் ஆன்டெனாவின் பகுதிதான்

30 மீட்டர் ஆர்ஜி-213 கேபிள் 2 மீட்டர் பேண்டில் இரண்டரை டிபிக்கு மேல் விழுங்கும், 70 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 5 டிபி. அரை அங்குல ஹார்ட்லைன் (வெளிக்கவசம் குழாயாக உள்ள விறைப்பான கேபிள்) அதே தூரத்துக்கு 0.8-உம் 1.5-உம்தான் எடுத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய கெயினைக் கேபிளில் தொலைப்பதில் அர்த்தமில்லை. அதைவிட முக்கியம் இரைச்சல். அலுமினியத் தாள் மேல் செம்புப் பின்னல் போட்ட கேபிள்கள் வீட்டுக்கு நன்றாக உழைக்கும். ஒரே நேரத்தில் கேட்டு அனுப்பும் ரிப்பீட்டரில் அந்த இரண்டு உலோகங்களும் உரசி முன்பு சொன்ன அதே கரகரப்பைக் கிளப்பும். ஹார்ட்லைனின் வெளிக்கவசம் ஒரே திடமான செம்புக் குழாய் என்பதால் உரச எதுவும் இல்லை. டூப்ளெக்சரிலிருந்து வரும் குட்டைக் கேபிள்களுக்கு வெள்ளிப் பூச்சுள்ள இரட்டைப் பின்னல் வகை, இணைப்புகளுக்கு 'N' வகைக் கனெக்டர். வெளியே உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி மூடுங்கள். இடிதாங்கியும் எர்த்தும் விவாதத்துக்கு இடமில்லாதவை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 50 வாட், டூப்ளெக்சரில் 1.5 டிபி இழப்பு, கேபிளில் 1 டிபி, ஆன்டெனா 6 டிபிடி. நிகரமாக 3.5 டிபி கூடுதல். வானத்துக்குப் போவது டைபோல் கணக்கில் சுமார் 112 வாட். உங்கள் நாட்டு உரிமத்தில் இதற்கு வரம்பு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 5 வாட் கைச் செட் திரும்பி வந்து எட்டாத தூரத்துக்கு ரிப்பீட்டர் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தால், வாய் பெரிது காது சிறிது என்று ஹாம்கள் அதற்கு முதலை என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். ஆன்டெனாவில் கூட்டும் ஒவ்வொரு டிபியும் காதுக்கும் வாய்க்கும் சேர்த்துக் கிடைக்கும். டிரான்ஸ்மிட்டரில் கூட்டுவது வாய்க்கு மட்டும்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம்தான். அனுப்பும், வாங்கும் அலைவரிசைகள் இரண்டிலும் அதற்குள் இருந்தால் போதும். 1.0 காட்டும் ஆன்டெனாவும் இரைச்சல் போடலாம். அதை அந்த மீட்டர் சொல்லாது.

சொல்லக்கூடிய சோதனை வேறு. டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் முதலில் ஒரு டம்மி லோடு (சக்தியை வெளியே வீசாமல் வெப்பமாக்கும் போலி ஆன்டெனா) மாட்டி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மிக மெல்லிய சிக்னல் ஒன்றை ஒரு கப்ளர் (கேபிளில் ஓடுவதோடு சிறு சிக்னலைச் சேர்க்க உதவும் இணைப்பு) வழியாக உள்ளே விடுங்கள். ரிசீவரில் இரைச்சலோடு தட்டுத்தடுமாறிக் கேட்கும் அளவுக்கு வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து பாருங்கள். மாற்றமில்லை என்றால் பெட்டிக்குள் எல்லாம் சரி. இப்போது டம்மி லோடுக்குப் பதிலாக உண்மையான ஆன்டெனாவை மாட்டுங்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சலால் காது ஏற்கனவே கொஞ்சம் மந்தமாகியிருக்கும், அதனால் சிக்னலை மறுபடி அதே தடுமாற்ற நிலைக்கு உயர்த்திவிட்டு, டிரான்ஸ்மிட்டரை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஆன் செய்யும்போது மட்டும் சிக்னல் மூழ்கினால் குற்றவாளி கேபிளிலோ ஆன்டெனாவிலோ, பக்கத்துத் துருப்பிடித்த கம்பியிலோ இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு கனெக்டராகக் கையால் தட்டி ஆட்டிப் பார்த்தால் பல சமயம் இடம் சிக்கிவிடும். டவரில் யாராவது ஏற வேண்டும் என்றால் டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகுதான். காற்று வீசும் ஒரு நாளிலும் மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளிலும் இதே சோதனையைத் திரும்பச் செய்து, கிடைத்த அளவுகளைத் தேதி போட்டு ரிப்பீட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது "முன்பு போல எட்டவில்லை" என்று புகார் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.